செம்புக் கம்பியும் இணைய வழியும்: வீட்டுத் தொலைபேசியின் இரட்டை வாழ்க்கை



கைப்பேசியின் நன்மை தீமைகளைப் பற்றி நாம் நிறையவே பேசியும் எழுதியும் விட்டோம். மாணவர்களுக்கும் அதுவே கட்டுரைத் தலைப்பு. ஆனால், வீட்டு முன்னறையில் ஒரு சிறு மேசைமேல் பல்லாண்டுகள் வீற்றிருந்த தொலைபேசியின் வரலாற்றை நாம் எழுதி வைக்கவில்லை. அவ்வரலாற்றின் கடைசிப் பகுதியில் ஒரு விந்தையான கருவி வந்து போனது. ஒரே தொலைபேசி, அதில் இரண்டு வழிகள். பழைய தொலைபேசிக் கம்பி வழியாகவும் பேசலாம், இணையத்தின் வழியாகவும் பேசலாம். ஏறத்தாழ 2005 முதல் சில ஆண்டுகள் அக்கருவி கடைகளில் விற்பனைக்கு இருந்தது. பிறகு ஓசையின்றி மறைந்தது.

அது ஏன் தோன்றியது, ஏன் மறைந்தது என்பதை ஆராய்ந்தால் இன்றும் நம் இல்லங்களைத் தொடும் ஒரு வினா எழுகிறது. நள்ளிரவில் மின்சாரம் தடைபட்ட ஒரு வீட்டிலிருந்து உதவிக்கு அழைக்க எந்த வழி இருக்கிறது? வாசகர்கள் இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'கோர்ட்லெஸ்' தொலைபேசியைக் 'கம்பியில்லாத் தொலைபேசி' என்று எழுதுவோர் உளர். அது முற்றிலும் பொருந்தாது என்பது என் கருத்து. அத்தொலைபேசியின் கைக்கருவிக்குத்தான் கம்பி இல்லை. அதன் அடிநிலையம் சுவரிலுள்ள கம்பியோடு பிணைக்கப்பட்டே இருக்கிறது. கைக்கருவியையும் அடிநிலையத்தையும் இணைத்த சுருள் வடம் மட்டுமே நீங்கியது. ஆகவே, 'வடமில்லாத் தொலைபேசி' என்று எழுதுகிறேன். இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. சுவருக்குள் ஓடும் அந்தக் கம்பி செய்த வேலையை நாம் மறந்ததற்கு இப்பெயர்க் குழப்பமும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

அம்பாங்கின் கதை தகவல் தொடர்பே இல்லாத காலத்தில் தொடங்குகிறது. 1857ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்று வழியாக வந்து, காடு கடந்து, அம்பாங்கில் ஈயம் தோண்டினர். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. ஒரு மாதத்தில் எஞ்சியோர் 18 பேரே என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அச்செய்தி கிள்ளானை எட்ட வேண்டுமாயின் படகில்தான் போக வேண்டும். அணையைக் குறிக்கும் 'எம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று. நீரைத் தேக்கத் தெரிந்த அம்மக்களுக்குச் செய்தியை விரைந்து அனுப்ப வழி இருக்கவில்லை.

மலாயாவின் முதல் தந்திக் கம்பி 1876ஆம் ஆண்டில் பேராக்கில், கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே இழுக்கப்பட்டது. கோலாலம்பூரில் தொலைபேசி இணைப்பகம் 1891ஆம் ஆண்டில் வந்தது. இணைப்பகம் என்பது ஒருவரின் கம்பியை மற்றொருவரின் கம்பியோடு சேர்த்துவைக்கும் நிலையம். இன்று ஜாலான் ராஜா சூலான் என்று அழைக்கப்படும் சாலையில் 1928ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட இணைப்பகக் கட்டடம்தான் பிற்காலத்தில் தொலைத்தொடர்பு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அக்காலத் தபால் தந்தித் துறையிலும் இரயில்வேயிலும் எழுத்தர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழர் குடியிருப்பு பெருகியதற்கு இத்தகைய அரசாங்கப் பணிகளும் காரணம் என்பது நாம் அறிந்ததே.

1946ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புக்கெனத் தனித் துறை அமைந்தது. 1962ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இணைப்பாளரின் உதவியின்றி நேரடியாக எண்களைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. 1970ஆம் ஆண்டில் குவாந்தானில் துணைக்கோள நிலையம் திறக்கப்பட்டது. 1987 சனவரி முதல் நாள் அரசுத் துறை ஒரு நிறுவனமாகி, 1990ஆம் ஆண்டில் டெலிகோம் மலேசியா பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஆண்டுகளை இவ்வாறு அடுக்குவது எளிது. பாடநூல்களும் அப்படித்தான் அடுக்குகின்றன. ஆனால், கம்பி எவ்வாறு வேலை செய்தது என்பதை அறியாமல் இவ்வாண்டுகளை மனனம் செய்வதில் பயனில்லை.

வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி ஓர் இணை. அதில் குரல் மட்டும் வருவதில்லை, மின்சாரமும் வருகிறது. இணைப்பகத்திலுள்ள பெரிய மின்கலத் தொகுதிகள் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். தொலைபேசியை எடுத்தவுடன் நம் காதில் ஒலிக்கும் அந்த 'ஊம்' என்னும் ஓசைக்குரிய ஆற்றல் நம் வீட்டு மின்கட்டணத்தில் சேர்வதன்று. மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டித்தாலும் இணைப்பகத்தின் மின்கலங்களும் மின்னாக்கிகளும் தாங்கும் வரை பழைய தொலைபேசி உயிரோடு இருக்கும். 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் பல மணி நேரம் இருளில் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய இரவுக்கென்றே வகுக்கப்பட்ட ஏற்பாடு அது.

வடமில்லாத் தொலைபேசி வந்ததும் இந்நிலை சற்று மாறிற்று. 1980களில் வந்த முதல் தலைமுறைக் கருவிகள் பழைய வானொலி முறையில் இயங்கின. பக்கத்து வீட்டுப் பேச்சு நம் கருவியில் கேட்பதும், நம் பேச்சு அவர்களுக்குக் கேட்பதும் உண்டு. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெக்ட்' என்னும் எண்ணியல் தரமே இக்குறையைப் போக்கியது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தனி அலைவரிசை, மறைகுறியாக்கம், வீட்டுக்குள் ஏறத்தாழ 50 மீட்டர், வெட்டவெளியில் 300 மீட்டர் எட்டும் தொலைவு. சமையலறையிலிருந்தும் மாடியிலிருந்தும் பேசலாம் என்ற மகிழ்ச்சியில் ஒன்றை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடிநிலையத்தை வீட்டு மின்சாரத்தில் செருக வேண்டும். மின்சாரம் போனால் கம்பியில் உயிர் இருந்தும் கைக்கருவி ஊமையாகிவிடும். அறிந்தவர்கள் பழைய கம்பித் தொலைபேசி ஒன்றையும் மற்றோர் அறையில் மாட்டியே வைத்திருந்தார்கள்.

இனி இணையத்தின் பக்கம் வருவோம். நம் சமுதாயத்தில் தொலைபேசிக் கட்டணம் என்றாலே வெளிநாட்டு அழைப்புதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டிலுள்ள உறவினர் வீட்டில் தொலைபேசி இராது. தெருமுனையிலிருந்த மஞ்சள் நிற எஸ்.டி.டி. கடைக்கு அவர்கள் வந்து காத்திருக்க, இங்கிருந்து நாம் அழைப்போம். பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு மட்டுமே அழைப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். தொலைவுக்கும் நேரத்துக்கும் விலை வைத்திருந்த முறை அது.

அந்த விலைமுறையை உடைத்தது இணையம். இசுரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலேசியாவில் ஜாரிங் 1992 முதலும் டிஎம்நெட் 1996 முதலும் இணையச் சேவை வழங்கின. ஆனால், தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றி இணையத்தில் நுழைந்த அக்காலத்தில், இணையத்தில் இருந்தால் தொலைபேசி கிடையாது. தொலைபேசியில் இருந்தால் இணையம் கிடையாது. வீட்டில் எத்தனை சச்சரவுகள் இதனால் எழுந்தன என்பதைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2001ஆம் ஆண்டில் வந்த ஸ்திரீமிக்ஸ் அகண்ட அலைவரிசைச் சேவைதான் இங்குத் திருப்புமுனை. அது பழைய செம்புக் கம்பியையே பயன்படுத்தியது. மனிதக் குரல் கம்பியில் எடுத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறிது. ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள அகன்ற பகுதி வெறுமையாகவே கிடந்தது. அப்பகுதியில் இணையத் தரவை அனுப்பி, வீட்டில் ஒரு சிறு வடிகட்டியால் இரண்டையும் பிரித்தார்கள். ஆதலால் ஸ்திரீமிக்ஸ் வைத்திருந்த வீட்டில் தொலைபேசிக் கம்பியும் கட்டாயம் இருந்தது. இணையம் வேண்டுமா, தொலைபேசி வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டும் ஒரே கம்பியில் இறங்கின. இரட்டைத் தொலைபேசி பிறப்பதற்கான களம் இதுவே.

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வெளிவந்தது. இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் நாள்தான் இணையத் தொலைபேசிக்கு வரையறையுடன் அனுமதி கிடைத்திருந்தது. இங்கு 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கு உரிமம் பெற வழி வகுத்திருந்தது. இரு நாடுகளுக்கும் இடையே குரல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பயணம் செய்யத் தொடங்கிற்று. எனினும் ஓர் இடர் இருந்தது. கணினியை இயக்கி, ஒலிவாங்கியைத் தலையில் மாட்டிக்கொண்டு பேச வேண்டும். மகனோ மகளோ வீட்டில் இல்லாத நேரத்தில் பாட்டியால் ஊருக்குப் பேச முடியாது.

இந்த இடரைத் தீர்க்கவே இரட்டைத் தொலைபேசி வந்தது. சீமென்ஸ் நிறுவனத்தின் கிகாசெட் சி450 ஐபி, அதன் பின் வந்த சி470 ஐபி ஆகியவை ஒரு வகை. பிலிப்ஸ் விஓஐபி841, நெட்கியர் எஸ்பிஎச்200டி ஆகியவை ஸ்கைப்புக்கென்றே செய்யப்பட்ட மற்றொரு வகை. அடிப்படை ஒன்றே. அடிநிலையத்தின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி. மற்றொன்றில் இணைய மோடத்திலிருந்து வரும் கம்பி. கணினி தேவையில்லை. கைக்கருவி என்னவோ அதே பழைய டெக்ட் கைக்கருவிதான்.

எந்த வழியாகப் பேசுவது என்பதைப் பயனர் முடிவு செய்யலாம். கிகாசெட்டில் அழைப்புப் பொத்தானைச் சட்டென்று அழுத்தினால் ஒரு வழி, நீண்ட நேரம் அழுத்தினால் மற்றொரு வழி. வருகின்ற அழைப்போ எந்த வழியாக வந்தாலும் ஒரே கைக்கருவியில் ஒலிக்கும். சி470 ஐபியில் இணையத்தில் இருவரும் கம்பியில் ஒருவருமாக ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள் நடைபெற இயலும். இவற்றை எல்லாம் விளம்பரங்கள் பெரிதாகக் காட்டின.

விளம்பரங்கள் காட்டாத ஒரு பகுதி கையேட்டின் உள்ளே இருந்தது. அதன் பெயர் அழைப்பு விதிகள். இன்ன எண்ணில் தொடங்கும் அழைப்பு இன்ன வழியாகவே செல்ல வேண்டும் என்று கருவிக்கு முன்கூட்டியே கட்டளையிடும் வசதி. 00 எனத் தொடங்கினால் இணையம். அவசர எண்ணாயின் கம்பி. இணையம் அறுந்தால் அழைப்பு தானாகவே கம்பிக்கு மாறும்படியும் அமைக்கலாம். என்னைக் கேட்டால், அக்கருவியின் சிறப்பு மலிவான அழைப்பில் இல்லை. இந்த விதிகளில்தான் இருந்தது. ஆனால், நம் நாட்டு அவசர எண்களை அங்கே யார் எழுதுவது? வெளிநாட்டில் செய்யப்பட்ட கருவிக்கு 999 தெரிந்திருக்கலாம்; அக்காலத்தில் தீயணைப்புக்கென இருந்த 994 தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாங்கியவர்தான் எழுத வேண்டும். எழுதியவர்கள் எத்தனை பேர்?

மேலும் சில நுணுக்கங்கள். கம்பி வழியாக அம்பாங்கிலிருந்து கிள்ளானை அழைக்க 03 தேவையில்லை. எட்டு எண்கள் போதும். இணைய வழியிலோ பெரும்பாலும் வட்டார எண்ணையும் சேர்த்தே அழைக்க வேண்டும். சுருக்காத குரலுக்கு, உறைகளையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 80 கிலோபிட்டுக்கு மேல் வேண்டும். அக்கால இணைப்புகளில் பதிவேற்றும் வேகம் மிகக் குறைவு. பிள்ளைகள் படங்களைப் பதிவேற்றும்போது பாட்டியின் குரல் துண்டு துண்டாகப் போனதற்குக் காரணம் இதுவே. தொலைநகலோ இணைய வழியில் மிகவும் சண்டித்தனம் செய்யும். குரலைச் சுருக்கும் முறைகள் மனிதக் காதுக்காக வகுக்கப்பட்டவை. தொலைநகலின் கீச்சொலியை அவை சிதைத்துவிடும். பள்ளி அலுவலகங்களில் தொலைநகல் மட்டும் பழைய கம்பியிலேயே நீண்ட காலம் தங்கியதை ஆசிரியர்கள் அறிவர். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடி முழங்கியதும் மோடத்தைப் பிடுங்கி வைப்பது இங்கு வீட்டு வழக்கம். பிடுங்கியவுடன் இணைய வழி போய்விடும். கம்பி வழி மட்டும் நிற்கும்.

இருப்பிடம் பற்றிய செய்தி இவை அனைத்தினும் முக்கியமானது. செம்புக் கம்பி ஒரு குறிப்பிட்ட முகவரியில் முடிகிறது. அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது பதிவேட்டிலேயே உண்டு. இணையத் தொலைபேசிக்கென நம் நாட்டில் ஒதுக்கப்பட்ட 0154 எனத் தொடங்கும் எண்கள் எந்த ஊருக்கும் உரியவை அல்ல. கருவியைக் கழற்றிக்கொண்டு போய் ஈப்போவில் மாட்டினாலும் அதே எண் ஒலிக்கும். வசதிதான். ஆனால், பேச்சு வராத நிலையில் ஒருவர் உதவிக்கு அழைத்தால் எங்கே செல்வது? 2007 முதல் காவல், மருத்துவம், தீயணைப்பு ஆகிய அழைப்புகள் படிப்படியாக 999 என்னும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவரப்பட்டன. எண் ஒன்றான அதே காலத்தில், வீட்டிலிருந்து அவ்வெண்ணை எட்டும் வழிகள் பலவாயின.

இதை ஏட்டுச் சிக்கல் என்று அம்பாங் மக்கள் ஒதுக்க இயலாது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்களைப் பறித்தது. 2008 டிசம்பர் 6ஆம் நாள் விடியுமுன் புக்கிட் அந்தாராபங்சாவில் மலைச்சரிவு ஏற்பட்டு, 14 வீடுகள் அழிந்து, ஐவர் மாண்டனர். உறங்கும் நேரம்; இருட்டு; மண்ணோடு போன சாலை. இத்தகைய வேளையில் கம்பியும் அறுந்து போகலாம், கம்பமும் சாயலாம். செம்புக் கம்பி சாகாவரம் பெற்றதன்று. ஆயினும் ஒரு வழி போனால் மற்றொன்று என்னும் நிலை அக்காலத்து வீடுகளில் இருந்தது. கம்பி, இணையம், கைப்பேசி ஆகிய மூன்றும் அன்று ஒன்றையொன்று முழுமையாகச் சார்ந்திருக்கவில்லை.

இரட்டைத் தொலைபேசிக்கு முடிவு கட்டியது கண்ணாடி இழை. 2008ஆம் ஆண்டில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 11.3 பில்லியன் ரிங்கிட் மதிப்பிலான அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்தன. அதில் அரசாங்கத்தின் பங்கு 2.4 பில்லியன். 2010 மார்ச் 24ஆம் நாள் யூனிஃபை தொடங்கப்பட்டது. பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்கள் முதலில் பெற்றன. மற்ற வட்டாரங்களுக்குப் பிறகு விரிந்தது. சேவையோடு ஒரு டெக்ட் வடமில்லாத் தொலைபேசியையும் கொடுத்தார்கள் என்பது இக்கட்டுரைக்கு முக்கியம். பார்ப்பதற்கு அதே கைக்கருவி, அதே 03 எண், அதே 'ஊம்' ஓசை. உள்ளே ஓடியதோ முழுக்க இணைய வழிக் குரல். சில ஆண்டுகளாக இரு வழிகளைக் கொண்டுவந்து சேர்த்த கருவியின் இடத்தில் ஒரே வழியுள்ள கருவி அமர்ந்தது. பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை.

கண்ணாடி இழை ஒளியைக் கொண்டு வரும். மின்சாரத்தைக் கொண்டு வராது. வீட்டிலுள்ள ஒளிமாற்றிப் பெட்டியும் வழிச்செலுத்தியும் தொலைபேசியின் அடிநிலையமும் நம் மின்சாரத்திலேயே வாழ்கின்றன. தனி மின்கல ஏற்பாடு வைத்திருந்தாலன்றி, விளக்கு அணையும் அதே நொடியில் வீட்டுத் தொலைபேசியும் அணையும். புதிய சேவை பெற்றபோது பழைய செம்புக் கம்பியைச் சிலர் வைத்துக்கொண்டனர். பலர் மாதக் கட்டணத்தை எண்ணி அறுத்துவிட்டனர். அவர்களைக் குறை கூற இயலாது. மாதம் ஒருமுறைகூட ஒலிக்காத தொலைபேசிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? செம்பு வடங்களைத் திருடி விற்கும் கும்பல்களும் அக்கம்பியின் முடிவை விரைவுபடுத்தின.

ஆகவே, பெற்றோர்கள் இன்று வீட்டில் பார்க்க வேண்டியவை சில. வீட்டுத் தொலைபேசி இருந்தால் அது செம்புக் கம்பியிலா, இழையிலா என்று தெரிந்து வைத்திருத்தல். இழையாயின், அந்தச் சிறு பெட்டிகளுக்கு மின்கலத் தாங்கி ஒன்று வாங்குதல்; அதன் விலை ஒரு நல்ல காலணியின் விலைதான். அது தாங்கும் வரை குரலும் நிற்கும். கைப்பேசி உண்டே என்று சொல்பவர்களுக்கு, கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் சில மணி நேரமே தாங்கும் என்பதை நினைவூட்டுகிறேன். ஆசிரியர்களுக்கும் ஒன்று. தொலைபேசி உரையாடலைப் பயிற்றுவிக்கும்போது நலம் விசாரிக்கும் உரையாடலோடு நிறுத்திவிடுகிறோம். 999-ஐ அழைத்துத் தன் பெயரையும், தாமானின் பெயரையும், சாலை எண்ணையும், வீட்டெண்ணையும் தடுமாறாமல் சொல்லும் உரையாடலை மாணவர்களிடம் ஒருமுறை நடிக்க விட்டுப் பாருங்கள். முன்பு கம்பியே சொல்லிக் கொடுத்த முகவரியை இனிப் பிள்ளைதான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. மலாயில் சொல்லவும் பழக வேண்டும். பலருக்குத் தம் வீட்டுச் சாலையின் பெயரே தெரியாது என்பதை வகுப்பறையில் காணலாம்.

இரட்டைத் தொலைபேசிகளின் இறுதி நிலையையும் பதிவு செய்து விடுகிறேன். ஸ்கைப்பின் உள்ளமைப்பு மாறியபோதே அதற்கெனச் செய்யப்பட்ட பழைய கருவிகள் பல செயலிழந்தன. 2025 மே 5ஆம் நாள் ஸ்கைப் சேவையே நிறுத்தப்பட்டது. கிகாசெட் போன்ற கருவிகள் எவருக்கும் பொதுவான தரத்தைப் பின்பற்றியவை. ஆகவே பொருத்தமான இணையத் தொலைபேசிக் கணக்கு இருந்தால் அவற்றில் இன்றும் பேச இயலும். ஸ்கைப் கருவி ஒன்று எந்த வீட்டின் அலமாரியிலாவது கிடந்து, அவ்வீட்டுக்குச் செம்புக் கம்பியும் இன்னும் வந்துகொண்டிருந்தால், அதன் இணையப் பொத்தான் பயன் தராது. கம்பிப் பொத்தானை அழுத்தினால் 'ஊம்' என்று கேட்கும்.